தண்ணீரில் கண்டம்

அத்தியாயம் ஐந்து

அன்று பிற்பகல் பட்டறையில் இருந்தவர்கள்:

சின்னவள். வைரம் பதிப்பவள். பட்டறை இப்போது அவள் பெயரில் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் கைமாறப் போகிறது.

அத்தான். சின்னவளின் அக்கா கணவர், கல் பரிசோதகர். மாடியில் நுண்ணோக்கியோடும் தராசோடும் குடித்தனம் நடத்துகிறவர். 'இது அசல்' என்று அவர் கையெழுத்துப் போட்டால் சந்தை வாயை மூடிக்கொள்ளும்.

மெருகுக்காரர். மெருகு மோட்டாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு காதைத் தொலைத்தவர். மிச்சமிருக்கும் காதை வேண்டும்போது மட்டும் உபயோகிப்பார்.

ஆந்தை. துப்பறிபவர். தொலைபேசி நிலையத்தில் இரவு வேலை பார்த்து, ஒருநாள் அதை உதறிவிட்டு வந்தவர். போன தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

சில்லறை. ஆந்தையின் உதவியாளர், நாற்பதைத் தாண்டியவள். வாயில் எந்நேரமும் ஏதாவது குலுங்கிக்கொண்டே இருப்பதால் வந்த பெயர்.

பெரியவள். சின்னவளின் அக்கா. நகைகளுக்கு உருவம் கொடுத்தவள். செத்து ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவளை விட்டுவிட்டுக் கணக்கெடுத்தால் அந்த வீட்டில் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சில்லறைக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. உயிரோடு இருக்கும்போதே ஒழுங்காக வேலைக்கு வராத ஜனங்கள் செத்த பிறகு மட்டும் தவறாமல் வருவார்களா என்பது அவள் கட்சி. இருந்தும் அந்த நீள அறைக்குள் காலை வைத்ததும் கைகளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

மூன்று வேலை மேஜைகள். ஒவ்வொன்றின் முன்விளிம்பும் பிறை மாதிரி வெட்டப்பட்டிருந்தது. உட்காருகிறவரின் வயிறு அந்தப் பிறைக்குள் பொருந்தும். அடியில் ஒரு தோல், தொட்டில் போலத் தொங்கும். அரத்தில் உதிரும் தங்கத்தூள் அதில்தான் விழும். மூன்றாவது மேஜையில் ஆள் இல்லை. ஆனால் விளக்கைத் துடைத்து வைத்திருந்தார்கள். முக்காலியைப் பாதி இழுத்துப் போட்டிருந்தார்கள், இப்போதுதான் எழுந்து போனவள் திரும்பி வர வசதியாக. வெளியே மழை. சன்னல் வெளிச்சம் வெளுத்துப்போய் இருந்தது.

அவர்களைக் கண்டதும் சின்னவள் எழுந்தாள். எழுமுன் இரண்டு கையாலும் மடியைத் தோலுக்குள் தட்டிவிட்டாள்.

"விருந்தாளி வந்தாக்கூட தட்டிட்டுத்தான் எழுந்திருப்பீங்களா?" என்றாள் சில்லறை.

"வீடு பத்திக்கிட்டாலும் தட்டிட்டுத்தான் எழுந்திருப்போம். ஒட்டிக்கிட்டுப் போறது தங்கமாச்சே." சிரிக்கப் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

வழியில் சுவரோரம் கேஸ் சிலிண்டர் நின்றது. பற்றவைப்பு வேலைக்கான டார்ச் அதில்தான் இணைந்திருந்தது. சின்னவள் அதைக் கடக்கும்போது வால்வைத் தொட்டாள். மூடியிருந்ததை இன்னும் இறுக்கினாள். கண்ணாடி அலமாரிக்குப் போய், கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த இரண்டு சாவிகளில் சின்னதைப் போட்டுத் திறந்து, மோதிரத்தை எடுத்துக்கொண்டு திரும்பியவள் மறுபடியும் வால்வைத் தொட்டாள்.

சில்லறை வாயைத் திறந்தாள். ஆந்தை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

மோதிரம் மேஜைமேல் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தது. வேறு மாதிரிச் சொல்ல முடியாது. இரண்டு மெல்லிய தங்க இமைகள் பாதி திறந்திருந்தன. நடுவே ஓபல் கல். பால் நிறத்தில் ஆரம்பித்து, அசைத்தால் உள்ளே பச்சையும் சிவப்புமாக நெருப்பு ஓடும் ஜாதி. இந்தக் கல்லில் ஒரு ஓரத்தில் மட்டும் பொறி தெரிந்தது. மீதி, கண்புரை விழுந்த விழி.

"பெரியவ கடைசியாச் செஞ்சது," என்றாள் சின்னவள். "தனக்குன்னு செஞ்சுக்கிட்டது இது ஒண்ணுதான். விரலை விட்டுக் கழட்டமாட்டா. இது மூணு தடவை குருடாச்சு சார்."

"வரிசையாச் சொல்லுங்க," என்றார் ஆந்தை.

"மொதல் தடவை, அவ செத்த அன்னைக்கு. காலையில நான்தான் கதவைத் திறந்தேன். அறை பூரா கேஸ் வாடை. அவ அந்த மூணாவது மேஜைமேல தலையைச் சாச்சு, தூங்குற மாதிரி இருந்தா. கையைப் பிடிச்சேன். சில்லுன்னு இருந்துச்சு. மோதிரத்துல நெருப்பே இல்ல. கல்லும் அவளோட போயிடுச்சுன்னு நெனச்சேன். கொஞ்ச நாள்ல அதுவாவே திரும்பி வந்துச்சு."

"ரெண்டாவது?"

"ஒரு பெரிய ஆர்டர் ஒத்துக்கிட்டேன். அவ ஆசிர்வாதம் வேணும்னு அன்னைக்கு ராத்திரி இதைப் போட்டுக்கிட்டேன். விடிஞ்சு பாத்தா குருடு. பயந்துபோய் ஆர்டரைத் திருப்பிட்டேன். மூணாவது போன வாரம். பட்டறையை விக்கவேண்டாம், நானே நடத்துறேன்னு முடிவு பண்ணி மறுபடியும் போட்டேன். மறுபடியும் குருடு. அத்தான்கிட்ட ஓடினேன். 'அவளுக்கு இஷ்டமில்லம்மா, விட்டுடு'ன்னார். இன்னைக்குக் கையெழுத்து. அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துடுறேன். கட்டடத்தை இடிக்கப் போறாராம். அதுக்கு முன்னாடி இது என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"அக்கா ஏன் உங்கமேல கோபமா இருக்கணும்?"

சின்னவள் சிலிண்டரைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே பதில் இருந்தது.

"அன்னைக்குச் சாயங்காலம் கடைசியா டார்ச் வேலை பாத்தது நான். மூடினேன்னுதான் ஞாபகம். எல்லாரும் மூடினேன்னுதானே நெனைப்பாங்க? வால்வு திறந்திருந்துச்சு. போலீஸ் விபத்துன்னு எழுதிட்டாங்க. நான் எனக்குள்ள வேற எழுதி வெச்சிருக்கேன்."

சில்லறைக்கு வாயில் ஒரு நகைச்சுவையும் வரவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

ஆந்தை எழுந்து மூலையில் இருந்த கைகழுவும் தொட்டிக்குப் போனார். தொட்டிக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. ஆணியைச் சுற்றி மெத்தென்று பஞ்சுத்துணி சுற்றியிருந்தது.

"இந்த ஆணிக்கு எதுக்குச் சட்டை போட்டு வெச்சிருக்கீங்க?"

"மோதிரம் தொங்கவிட," என்றது ஒரு குரல். மெருகுக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பியிருந்தார். "பெரியம்மா குழாயைத் திறக்கறதுக்கு முன்னாடி மோதிரத்தைக் கழட்டி அதுல மாட்டிடுவாங்க. மாடியில குளியலறையிலயும், குளியல் தொட்டிக்கு மேல, இதே மாதிரி ஒண்ணு அடிக்கச் சொன்னாங்க. நான்தான் அடிச்சேன். கேட்டா, 'இந்தக் கல்லுக்குத் தண்ணியில கண்டம்'னு சிரிப்பாங்க."

"கல்லுக்கு ஜாதகம் பாத்தாங்களா?" என்றாள் சில்லறை. வாய் திரும்பி வந்ததில் அவளுக்கே ஆறுதல்.

"தொட்டி ஓட்டைக்குள்ள விழுந்துடும்னு பயப்படுறான்னு நெனச்சோம்," என்றாள் சின்னவள். "விரலை விட்டுக் கழட்டமாட்டான்னு சொன்னேனே, தண்ணிக்கு மட்டும் விதிவிலக்கு. ஒரு நாள்கூட தவறினதில்ல."

ஆந்தை மெருகுக்காரர் பக்கம் திரும்பினார். "பெரியம்மாவோட கடைசி நாள்ல வேற என்ன நடந்துச்சு?"

"பெரிசா ஒண்ணுமில்ல. ஒரு பச்சைக்கல் மோதிரம் மெருகுக்கு வந்துச்சு. சக்கரத்துல சூடேறினதும் கல்லு எண்ணெய் கக்கிச்சு. உள்ள விரிசல். எண்ணெயை ஊத்தி மறைச்சிருந்தாங்க. சர்டிபிகேட்ல சுத்தமான கல்லுன்னு போட்டிருந்துச்சு. பெரியம்மாகிட்ட காட்டினேன். மாடிக்கு எடுத்துட்டுப் போனாங்க. நான் வீட்டுக்குப் போயிட்டேன்."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலையே."

ஆந்தை பெரியவளின் மேஜை இழுப்பறையைத் திறந்தார். காகிதப் பொட்டலங்களில் கற்கள். பால் நிறத்தில் நெருப்போடிய ஒன்றை எடுத்தார்.

"மோதிரக் கல்லோட ஒரே பாறையில வெட்டினது," என்றாள் சின்னவள். "அதோட தங்கச்சின்னு சொல்லுவா."

ஆந்தை அந்தக் கல்லை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நாக்கை நீட்டி அதன்மேல் வைத்தார்.

"சார், பசிச்சா சொல்லியிருக்கலாம். வரும்போது கடை இருந்துச்சு."

ஆந்தை பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. கையை எடுத்துவிட்டார், கல் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. நாக்கை வெளியே நீட்டியபடி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"வைத்தியர்கிட்ட காட்டுற மாதிரியே இருக்கு," என்றாள் சில்லறை.

கல்லைப் பிரித்தெடுத்தார். "வைரத்தை நக்கினா ஒட்டாது. இது ஒட்டுது. ஏன்?"

"எச்சில் மேல பிரியமா?"

"தாகம். இது நீர் உறிஞ்சுற கல்லு. கண்ணுக்குத் தெரியாத துவாரம் உடம்பெல்லாம். ஒரு டம்ளர் தண்ணி கொண்டா."

கல் டம்ளருக்கு அடியில் போய் உட்கார்ந்தது. சிறு குமிழிகள் அதிலிருந்து மேலே ஏறின, மூச்சுவிடுவது போல. சில்லறை டீ வாங்கி வந்தாள். எல்லாரும் குடித்தார்கள். யாரும் டம்ளரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீ முடியும்போது கல்லில் சிவப்பு போயிருந்தது. பிறகு பச்சை. பிறகு பாலும் போய், தண்ணீருக்குள் தண்ணீர் நிறத்தில் ஏதோ ஒன்று கிடந்தது.

சின்னவள் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டீயில முக்கின பிஸ்கட்டு கணக்கா ஆயிடுச்சு," என்றாள் சில்லறை மெதுவாக.

"பிஸ்கட்டு செத்துப்போகும். இது காஞ்சா எழுந்துக்கும். சில நாள் ஆகும்." ஆந்தை சின்னவளிடம் திரும்பினார். "அந்த ரெண்டு ராத்திரியும் மோதிரத்தை அலமாரியிலேர்ந்து எடுத்தீங்க. நேரா விரல்ல போட்டீங்களா?"

"இல்ல, கழுவிட்டுத்தான்." சொன்னவளின் கை தானாக வாய்க்குப் போனது. "நான் வைரம் பதிக்கிறவ சார். எந்த நகையும் கழுவாம விரலுக்குப் போகாது. சோப்புத் தண்ணியில போட்டுட்டு, மேஜையைச் சுத்தம் பண்ணி, மடியைத் தட்டிட்டு, அப்புறம்தான் எடுப்பேன். கை பழக்கம். யோசிச்சுச் செய்யறதில்ல."

"அக்காவா இருந்தா இந்தக் கல்லைத் தண்ணிப் பக்கமே காட்டமாட்டாங்க. அவங்க பேய்க்கு மட்டும் தொழில் மறந்துபோயிடுமா?"

"அப்ப அவளுக்குக் கோபம்..."

"கோபமும் இல்ல, பேயும் இல்ல. ரெண்டு தடவையும் குருடாக்கினது உங்க கை."

சின்னவள் அழுதாள். மெருகுக்காரர் எழுந்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவள் மேஜைமேல் கிடந்த அரங்களை நேராக அடுக்கினார்.

சில்லறைக்கு நெஞ்சு லேசானது. விவகாரம் முடிந்தது, பேய் சோப்புத் தண்ணீரில் கரைந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம். ஆந்தையைப் பார்த்தாள். அவர் மழைக்கோட்டை எடுக்கவில்லை. மூன்றாவது மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்?"

"ரெண்டுக்குத்தான் கணக்கு வந்துச்சு, சில்லறை. குருடானது மூணு தடவை."

அவள் கைகளை மறுபடி கட்டிக்கொண்டாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் காகிதங்களோடு அத்தான் இறங்கி வந்தார். வெளுத்த சட்டை, சட்டைப் பையில் உருப்பெருக்கி. நல்ல முகம். கெட்ட செய்தியைக்கூட அந்த முகத்திடமிருந்து கேட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

"என்னம்மா, அழுதியா? சார், இவளைத் துருவினது போதும். நான்தான் இவகிட்ட அப்பவே சொன்னேனே, சில விஷயத்துக்கு விளக்கம் கிடையாது."

"விளக்கம் டம்ளர்ல இருக்கு," என்றார் ஆந்தை.

அத்தான் டம்ளரைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் காகிதங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் சில்லறைக்குக் கேட்டது.

"உங்களுக்குத் தெரியாம இருக்காது. நாள் பூரா கல்லுதானே பாக்கறீங்க?"

"தெரியும்," என்றார் அத்தான். "ஓபல்ல சில ரகம் அப்படி. இவ கழுவுறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரிதான். உங்களைக் குறை சொல்லலை. ரெண்டாவது, மூணாவது தீந்துச்சு. மொதல் தடவைதான் இடிக்குது. எனக்குத் தோணுறது, ஆஸ்பத்திரியில உடம்பைக் கழுவியிருப்பாங்க. மோதிரம் விரல்லயே இருந்திருக்கும். அப்பதான் குருடாகியிருக்கும். இல்லையா?"

அத்தானின் தோள்கள் ஒரு விரற்கடை இறங்கின. ஏணி கிடைத்தவனின் முகம் அது. "அதேதான். ஆஸ்பத்திரியிலதான். கழுவித்தான் கொடுத்தாங்க. அங்க வாங்கினப்ப பாத்தேன், கல்லு குருடு. அதுக்கு முன்னாடி நல்லா இருந்துச்சு. எனக்கு அப்பவே காரணம் தெரியும். துக்க வீட்டுல பாடம் நடத்த மனசு வரலை, அவ்வளவுதான்."

"அத்தான்."

சின்னவளின் குரல் அதுவரை இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"நான் கதவைத் திறந்தப்பவே அது குருடு. இந்த மேஜையில. ஆஸ்பத்திரி வண்டி வர்றதுக்கு முன்னாடி. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான்தானே?"

சில்லறை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். கேஸில் செத்தவள். காய்ந்த மேஜை. விரலில் மட்டும் தண்ணீர் குடித்த கல்.

"அப்ப, சாயங்காலம் கை கழுவியிருப்பா," என்றார் அத்தான்.

"ஆணி இருக்கு," என்றார் மெருகுக்காரர். நல்ல காது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"குளிச்சிருப்பா!"

"மாடியிலயும் ஆணி இருக்கு. நான் அடிச்சது."

ஆந்தை டம்ளரை விரலால் சுண்டினார். "ஒரு டீ குடிக்கிற நேரம் இந்தக் கல்லு தண்ணியில கிடந்தாத்தான் குருடாகும். அவ்வளவு நேரம் கை தண்ணிக்குள்ள இருந்திருக்கு. மோதிரத்தைக் கழட்ட நேரம் கிடைக்கலை. கையை வெளிய எடுக்கவும் முடியலை. அது இந்த அறையில நடக்கலை. இங்க இருக்கற தொட்டியில ஒரு கோழிக்குஞ்சு முங்காது. மாடியில குளியல் தொட்டி இருக்கு. அப்புறம் கீழ கொண்டாந்து உக்காரவெச்சு, வால்வைத் திறந்தாச்சு. கேஸ் வாடை இருந்தா போதும், எல்லாரும் மூக்காலயே பிரேதப் பரிசோதனை பண்ணிடுவாங்க. தலையைத் துவட்டிடலாம். உடையை மாத்திடலாம். கல்லைத் துவட்ட முடியாது."

மூன்றாவது மேஜையின் முக்காலி, பாதி இழுத்தபடி, கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

"உங்க சர்டிபிகேட்டோட வந்த பச்சைக்கல்லு எண்ணெய் கக்கிச்சு. அதை உங்ககிட்ட காட்டத்தான் மாடிக்கு எடுத்துட்டுப் போனாங்க," என்றார் ஆந்தை. "அது எங்க இப்ப?"

அத்தான் சிரித்தார். வெறும் பல். "கதை நல்லா இருக்கு. ஒரு நாக்கு, ஒரு டம்ளர், ஒரு ஆணி. இதை வெச்சுக்கிட்டு என்மேல பழி போடுறீங்களா? அந்த டம்ளர்ல கிடக்கறது வேற கல்லு. மோதிரக் கல்லை நானே பரிசோதிச்சேன். தண்ணி உறிஞ்சாத ரகம்னு என் சர்டிபிகேட் சொல்லுது. பெட்டக அறையிலதான் இருக்கு. இந்தச் சந்தையில என் கையெழுத்தை மீறி ஒரு கல்லும் பேசினதில்ல."

"கொண்டாங்க, பாக்கலாம்," என்றார் ஆந்தை.

பட்டறையின் பின்சுவரில் பெட்டக அறை. வேலை நேரத்தில் அதன் இரும்புக் கதவு திறந்தே கிடக்கும். அத்தான் உள்ளே போனார். விளக்கைப் போட்டார். தட்டுகளை இழுக்கும் சத்தம் கேட்டது. கண்ணுக்கு முன்னால் ஒரு கல் சாட்சி சொல்லிவிட்டது. அந்த மனிதர் அதை எதிர்க்கக் காகிதம் தேடிக்கொண்டிருந்தார். உறிஞ்சாத கல்லென்றால் போன வாரம் குருடானது எப்படி என்று யாராவது கேட்பார்கள் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை காலம் அவரிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

"சார், அந்த அறைக்கு வேற வழி?" சில்லறை கிசுகிசுத்தாள்.

"இருந்தா பெட்டக அறைன்னு ஏன் பேர் வெக்கிறாங்க?" ஆந்தை போனை எடுத்துக் காவல் நிலைய எண்ணை அழுத்தினார்.

சின்னவள் மோதிரத்தை எடுத்து விரலில் போட்டாள். கழுவவில்லை. ஓரத்தில் இருந்த அந்தப் பொறி, பாதி மூடிய இமைக்குள் ஒருமுறை சிவப்பாக ஓடி மறைந்தது.

"நான் மூடித்தான் போனேன்," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"மூடித்தான் போனீங்க," என்றாள் சில்லறை.

சின்னவள் மடியை இரண்டு கையாலும் தோலுக்குள் தட்டிவிட்டு எழுந்தாள். சுவரோரமாக நடந்தாள். சிலிண்டர் வந்தது. அவள் கை பக்கவாட்டிலேயே இருந்தது. வால்வைத் தொடாமல் கடந்து போனாள்.

"கிடைச்சிடுச்சு, இதோ..." என்றது உள்ளேயிருந்து குரல்.

அவள் இரும்புக் கதவைத் தள்ளினாள். குரல் பாதியில் அறுந்தது. கழுத்துச் சங்கிலியிலிருந்த பெரிய சாவியைத் துளையில் போட்டு, ஒரு தடவை திருப்பினாள். பிறகு இன்னொரு தடவை.